சொந்தமாக மடிக்கணினி கட்டமைத்தல்: எந்தப் பாகம் நம் கைக்குள், எது கைக்கு வெளியே?

மேசைக்கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்வது நமக்குப் பழகிய காரியம். சென்னை ரிச்சி தெருவில் கேபினெட், மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்.எம்.பி.எஸ். என்று ஐந்தாறு வரிகளில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால், பூட்டிய கணினியோடு வீடு திரும்பலாம். மடிக்கணினிக்கு அதேபோல ஒரு பட்டியலை நீட்டினால் அதைக் கடைக்காரரால் நிறைவேற்றித் தர முடியாது. ஆனாலும் “உங்கள் தேவைக்கேற்ற மடிக்கணினியை நீங்களே கட்டமைக்கலாம்” என்ற அறிவிப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. முடியுமா, முடியாதா என்ற குழப்பம் இதனால்தான் எழுகிறது. கட்டமைத்தல் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## ஒரு சொல், மூன்று வேலைகள்

1. தேர்ந்தெடுத்து வாங்குதல். தயாரிப்பாளரின் இணையக் கடையில் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றின் அளவை நாம் குறிக்கிறோம். பூட்டித் தருவது அவர்கள். நமது தேர்வு அவர்கள் வைத்திருக்கும் பட்டியலைத் தாண்டாது.

2. பாதி பூட்டிய கணினியை வாங்கி நிரப்புதல். உறை, திரை, விசைப்பலகை, மதர்போர்டு, அதில் பற்றவைத்த செயலி, விசிறி, பேட்டரி ஆகியவை ஒன்றாக வரும். ரேம், எஸ்.எஸ்.டி., சில வேளைகளில் வைஃபை அட்டை, இயங்குதளம் ஆகியவற்றை நாமே வாங்கிப் பொருத்துகிறோம். இந்தப் பாதிக் கணினியை வணிகத்தில் ‘பேர்போன்’ என்பார்கள்.

3. அடியிலிருந்து உருவாக்குதல். ஒரு சிறிய கணினிப் பலகையையோ திறந்த வன்பொருள் வடிவமைப்பையோ எடுத்துக்கொண்டு, உறை முதல் மின்சுற்று வரை நாமே அமைப்பது.

முதலாவது, உண்மையில் கொள்முதல்தான். மூன்றாவது மின்னணுவியல் ஆர்வலர்களுக்கு உரியது. பெரும்பாலான வாசகர்கள் தேடுவது இரண்டாவதை. அதன் எல்லைகள் எங்கே வகுக்கப்பட்டன என்பதை அறிய மேசைக்கணினியிலிருந்து தொடங்க வேண்டும்.

## மதர்போர்டுக்குப் பொது அளவு இல்லாமை

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின்சாரச் செருகியின் வடிவம், பின்புற இணைப்புகளுக்கான திறப்பின் அளவு ஆகியவற்றை அது வரையறுத்தது. அதன்பின் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இன்னொரு நிறுவனத்தின் மதர்போர்டைப் பூட்டுவதற்கு இருவரும் கலந்து பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மேசைக்கணினியைத் தனித்தனிப் பாகங்களாக வாங்க முடிவதற்கு, பெட்டிக்குள் இடம் தாராளமாக இருப்பதைக் காட்டிலும் இந்தப் பொது அளவே பெரிய காரணம்.

மடிக்கணினியின் மதர்போர்டுக்கு அப்படியொரு பொது அளவு இன்றுவரை உருவாகவில்லை. ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குள் பேட்டரி, விசிறி, வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய், ஒலிபெருக்கி எல்லாம் அடங்க வேண்டியிருப்பதால், அவற்றுக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் இடத்தின் வடிவத்திலேயே மதர்போர்டு வெட்டப்படுகிறது. யு.எஸ்.பி. துளைகள் அந்தப் பலகையின் விளிம்பிலேயே பற்றவைக்கப்படுவதால், உறையின் பக்கச் சுவரில் உள்ள ஓட்டைகளும் அந்த ஒரு பலகைக்கு மட்டுமே ஒத்துப்போகும். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு மாடல்களில்கூட மதர்போர்டுகள் இடம் மாறிப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

பொது அளவு காணும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2000-களின் நடுப்பகுதியில் இன்டெல், தைவான் தயாரிப்பாளர்கள் சிலருடன் சேர்ந்து திரை, பேட்டரி, விசைப்பலகை, சார்ஜர் போன்றவற்றைப் பொது அளவுகளுக்குக் கொண்டுவர முனைந்தது, அது நிலைக்கவில்லை. கிராஃபிக்ஸ் சில்லை மாற்றிக்கொள்வதற்காக என்விடியா 2004-இல் எம்.எக்ஸ்.எம். என்ற அட்டை முறையைக் கொண்டுவந்தது. செருகி ஒன்றாக இருந்தபோதும் வெப்பக் கடத்தியின் திருகு இடங்களும் பலகையின் வடிவமும் கணினிக்குக் கணினி வேறுபட்டதால், கடையில் வாங்கிய அட்டை தன் கணினியில் இயங்கும் என்று யாரும் உறுதியாக நம்ப முடியவில்லை. செயலிக்கும் இதே கதிதான். இன்டெல்லின் நான்காம் தலைமுறை கோர் செயலிகள் வந்த 2013 வரை, மடிக்கணினிகளிலும் கழற்றி மாற்றக்கூடிய செயலிக் குழி இருந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினிச் செயலிகள் பலகையில் பற்றவைத்தே வருகின்றன.

## மாற்றத்தக்கவையும் மாற்ற முடியாதவையும்

ஒரு பாகத்தை நாமே தேர்ந்து பொருத்த முடியுமா என்பதை அதன் இணைப்பு முறையே தீர்மானிக்கிறது. இணைப்புக்குப் பொது அளவு இருந்தால் அந்தப் பாகம் சந்தையில் தனியாகக் கிடைக்கும்; இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தந்ததோடு வாழ வேண்டும்.

எளிதானதை முதலில் சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.டி.க்கு எம்.2 என்ற பொதுச் செருகி உண்டு. 2280 என்று குறித்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 ஆகிய குட்டை அளவுகளும் உள்ளன. கணினியில் எந்த நீளத்துக்கு இடம் இருக்கிறது, செருகி என்.வி.எம்.இ. வகையா பழைய சாட்டா வகையா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வேகத்தோடு நின்றுவிடும். நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. நொடிக்கு 7 கிகாபைட் வரை எட்டும். வைஃபை அட்டையும் இதே எம்.2 குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சில மாடல்களில் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முன்பு சில தயாரிப்பாளர்கள், தாங்கள் ஏற்ற அட்டைகளை மட்டுமே பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அனுமதிக்கும்படி பூட்டி வைத்ததும் உண்டு.

நினைவகம் அவ்வளவு எளிதன்று. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மடிக்கணினிக்கான ரேம் இரண்டு விதமாக வருகிறது. சோ-டிம் என்பது செருகிக் கழற்றக்கூடிய சிறு அட்டை. எல்.பி.டி.டி.ஆர். என்பது குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் சில்லு. வழக்கமாகப் பலகையில் பற்றவைத்தே வரும். இரண்டாவது வகையை வாங்கியவர் 8 கிகாபைட்டோடு வாங்கினால், அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் 8 கிகாபைட்தான். இதைத் தயாரிப்பாளரின் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. மின்குறிப்பின் வேகம் கூடக்கூட, செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான கம்பித்தடம் குட்டையாகவும் செருகியின் குறுக்கீடு இல்லாமலும் இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வகைக்கும் நடுவே ஒரு வழியாக, டெல் நிறுவனம் 2022-இல் கேம் என்ற தட்டையான நினைவகப் பலகையை அறிமுகப்படுத்தியது. ஜெடெக் என்ற தர அமைப்பு அதைக் கேம்2 என்ற பொது அளவாக 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதன் ஒரு வகை எல்.பி.டி.டி.ஆர். சில்லுகளையே திருகிக் கழற்றக்கூடிய பலகையில் வைத்துத் தருவதால், வேகத்தையும் மாற்றும் வசதியையும் ஒருங்கே தரும் தகுதி அதற்கு உண்டு. லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை, 2024-இல் இதைக் கொண்டு வந்தது. எனினும் இந்த வகைப் பலகைகள் சந்தையில் இன்னும் பரவலாகவில்லை.

சோ-டிம் வாங்குவோர் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ரேமின் ஐந்தாம் தலைமுறையான டி.டி.ஆர்.5-இல் 5600 வகை அட்டை ஒன்று நொடிக்கு 44.8 கிகாபைட் தரவைக் கடத்தும். இரண்டு செருகியிலும் ஒரே வகை அட்டை இருந்தால் இரண்டு வழித்தடங்களும் சேர்ந்து 89.6 கிகாபைட் ஆகும். எனவே 16 கிகாபைட் வேண்டுவோர் ஒரே அட்டையாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குவது, செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் அமைந்த கணினிகளில் கண்கூடான வேறுபாட்டைத் தரும். பின்னர் 32-க்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால் மட்டும், இப்போதைக்கு ஒற்றை 16 போட்டு மற்றொரு செருகியைக் காலியாக வைப்பது நியாயம்.

திரை, பாதி மாற்றத்தக்க பாகம். பேனல்கள் இ.டி.பி. என்ற பொது இணைப்பு வழியாகவே மதர்போர்டோடு பேசுகின்றன. முழு எச்.டி. திரைகளுக்குப் பொதுவாக 30 ஊசி, கூடுதல் தெளிவோ வேகமோ உள்ளவற்றுக்கு 40 ஊசி. பேனலின் பின்புறத்தில் அச்சிட்ட மாடல் எண்ணைக் கொண்டு அதே அளவு, அதே ஊசி எண்ணிக்கை, அதே இணைப்பி இடம் கொண்ட மேலான பேனலைத் தேடிப் பொருத்தலாம். வண்ணம் வெளிறிய மலிவுத் திரையை நல்ல ஐ.பி.எஸ். திரையாக மாற்றியவர்கள் ஏராளம். ஆனால் 30 ஊசிக் கேபிளைக் கொண்ட உடலில் 4கே பேனலை மாட்டிப் பயனில்லை.

விசைப்பலகை, தொடுபலகை, பேட்டரி, விசிறித் தொகுப்பு, கீல், உறை ஆகியவற்றுக்குப் பொது அளவே இல்லை. விசைப்பலகையைப் பற்றி மட்டும் ஒரு சொல்: தமிழ்99 அமைப்புக்காகத் தனி விசைப்பலகை தேட வேண்டியதில்லை. அது இயங்குதளத்தில் அமைவது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது. வன்பொருளில் பார்க்கவேண்டியது விசையின் அழுத்த ஆழமும், நாளெல்லாம் தட்டச்சு செய்தாலும் விரல் நோகாத தன்மையுமே.

## ஃபிரேம்வொர்க் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

பொது அளவு இல்லாத பாகங்களுக்கு ஒரு நிறுவனமாவது தனக்குள் நிலையான அளவை வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு விடையாக வந்தது ஃபிரேம்வொர்க். மெய்நிகர் உலகக் கருவிகள் செய்த ஆக்குலஸ் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய நிரவ் படேல் தொடங்கிய இந்த அமெரிக்க நிறுவனம், 13.5 அங்குலத் திரை கொண்ட முதல் கணினியை 2021-இல் விற்பனைக்கு அனுப்பியது. அதன் சுயகட்டமைப்புப் பதிப்பு 749 டாலரில் தொடங்கியது. அந்த விலையில் ரேம், எஸ்.எஸ்.டி., இயங்குதளம், சார்ஜர் எதுவும் அடங்கவில்லை என்பதை விலை ஒப்பிடுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இதன் சிறப்பு ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்ற முடிவதில் இல்லை. அது வேறு பல கணினிகளிலும் முடியும். மூன்று ஏற்பாடுகளே இதை வேறுபடுத்துகின்றன.

1. மதர்போர்டின் வடிவத்தை நிறுவனம் மாற்றாமல் வைத்திருக்கிறது. 11-ஆம் தலைமுறை இன்டெல்லோடு 2021-இல் வாங்கிய உறையில், பின்னர் வந்த 12, 13-ஆம் தலைமுறை இன்டெல் பலகைகளும், 2023-இன் ஏ.எம்.டி. ரைசன் 7040 பலகையும், 2025-இன் ரைசன் ஏ.ஐ. 300 பலகையும் பொருந்துகின்றன. செயலி தனியாகக் கழலாது என்ற சிக்கலை, செயலியோடு கூடிய பலகையை மொத்தமாக மாற்றுவதன் வழியே இது கடக்கிறது. கழற்றிய பழைய பலகை, திரையோ பேட்டரியோ இல்லாமலே ஒரு சிறு கணினியாக இயங்கும்.

2. பக்கவாட்டு இணைப்புகள் மதர்போர்டின் விளிம்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கின்றன. நான்கு குழிகளில் ஒவ்வொன்றின் உள்ளேயும் யு.எஸ்.பி.-சி செருகி இருக்கிறது, அதில் எச்.டி.எம்.ஐ., ஈதர்நெட், மைக்ரோ எஸ்.டி., பழைய யு.எஸ்.பி. என்று வேண்டிய சிறு அட்டையைத் தள்ளிக்கொள்ளலாம். உறையின் ஓட்டைகள் பலகைக்கு அடிமையாக இருந்த நிலை இதனால் மாறியது.

3. பேட்டரி, கீல், திரை, விசைப்பலகை ஆகியவை தனிப் பாகங்களாக விற்கப்படுகின்றன. முதலில் 55 வாட்-மணிப் பேட்டரியோடு வாங்கியவர், பின்னர் வந்த 61 வாட்-மணிப் பேட்டரியைப் பழைய உறையிலேயே பொருத்திக்கொள்ள முடிகிறது.

2024 தொடக்கத்தில் வந்த 16 அங்குல மாடல், கிராஃபிக்ஸ் பகுதியையும் கழற்றக்கூடியதாக ஆக்கியது, ரேடியான் ஆர்.எக்ஸ். 7700எஸ் தொகுதியோடு வாங்கியவர்களுக்கு 2025-இல் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 5070 தொகுதி கிடைத்தது. எம்.எக்ஸ்.எம். தோற்ற இடத்தில் இது ஈடேறக் காரணம், வெப்பக் கடத்தியும் விசிறியும் அந்தத் தொகுதிக்குள்ளேயே சேர்ந்து வருவதுதான்.

இருந்தும் இயற்பியலின் எல்லையை இந்த நிறுவனத்தாலும் தாண்ட முடியவில்லை. 2025-இல் அது அறிவித்த மேசைக்கணினியில் ஏ.எம்.டி.யின் ரைசன் ஏ.ஐ. மேக்ஸ் செயலியைப் பயன்படுத்தியபோது, தேவையான வேகத்தில் கழற்றக்கூடிய நினைவகம் நிலையாக இயங்காததால் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்தது. பலகை மாற்றத்திலும் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. 11 முதல் 13 வரையான இன்டெல் பலகைகள் டி.டி.ஆர்.4 ஏற்பவை, ரைசன் பலகைகள் டி.டி.ஆர்.5 ஏற்பவை. அந்த இன்டெல் பலகையிலிருந்து ரைசனுக்கு மாறுபவர் ரேமையும் மாற்றியாக வேண்டும்.

## வேறு வழிகள்

தைவானின் க்ளீவோ நிறுவனம் பேர்போன் உடல்களைப் பல நாட்டு விற்பனையாளர்களுக்கு வழங்கி வருகிறது. அமெரிக்காவின் சிஸ்டம்76, ஜெர்மனியின் டக்ஸீடோ போன்றவை இத்தகைய உடல்களில் லினக்ஸைப் பதித்துத் தம் பெயரில் விற்கின்றன. லினக்ஸ் ஒழுங்காக இயங்குவதே முதன்மைத் தேவை என்பவருக்கு இது நல்ல வழி.

அடியிலிருந்து உருவாக்கும் முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும் வடிவமைத்த நோவேனா, 2014-இல் கூட்டுநிதி திரட்டி வெளிவந்தது. பெர்லினில் உருவான எம்.என்.டி. ரிஃபார்ம், 2020-இல் அதே வழியில் வந்தது. இதன் மின்சுற்று வரைபடம் முதல் உறையின் வரைபடம் வரை எல்லாமே வெளிப்படையாகக் கிடைக்கின்றன. 18650 அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் எட்டு, டார்ச் விளக்கில் போடுவதுபோலத் தனித்தனியாகக் கழலும். வேகத்தில் இவை சாதாரணக் கணினிகளுக்கு ஈடாகா. தன் கணினியின் ஒவ்வொரு கம்பித்தடத்தையும் அறிந்து வைத்திருக்க விரும்புபவருக்கு உரியவை.

## தேவையிலிருந்து பாகத்துக்கு

பலரும் செயலியின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். மாற்ற முடியாதவற்றிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை. ஏனெனில் அங்கே செய்யும் பிழையைப் பின்னால் பணம் கொடுத்தும் திருத்த முடியாது.

1. திரையும் விசைப்பலகையும் உடலின் எடையும். தினமும் பேருந்தில் தூக்கிச் செல்பவருக்கும் மேசையை விட்டு நகராதவருக்கும் ஒரே உடல் பொருந்தாது.

2. குளிர்விப்பு. செயலியின் பெயர் ஒன்றாக இருந்தாலும், 15 வாட்டைத் தாங்கும் உடலில் அது இயங்கும் வேகமும் 45 வாட்டைத் தாங்கும் உடலில் இயங்கும் வேகமும் வேறு. காணொளி தொகுப்பு, நிரல் தொகுப்பு போன்று நீண்ட நேரம் செயலியை வாட்டும் வேலைகளில் விசிறியின் தகுதியே உண்மையான வேகத்தை முடிவு செய்யும். கோடையில் அறை வெப்பம் 38 டிகிரியைத் தொடும் நம் ஊர்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

3. பேட்டரி. மில்லியாம்பியர்-மணி எண்ணைப் பார்ப்பதைவிட வாட்-மணியைப் பார்ப்பது சரி. 61 வாட்-மணிப் பேட்டரி, சராசரியாக 8 வாட் எடுக்கும் எழுத்து வேலைக்கு ஏழரை மணி நேரம் வரும். 28 வாட் எடுக்கும் வேலைக்கு இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். விமானப் பயணத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லும் வரம்பு 100 வாட்-மணி என்பதால், பெரிய கணினிகள்கூட அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகின்றன.

4. செயலியும் கிராஃபிக்ஸும்.

5. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கடைசி. செருகிகள் இருந்தால் போதும். அளவைப் பிறகு கூட்டலாம்.

இந்த வரிசையில் யோசிப்பவர்கள் பலருக்கு, இரண்டு சோ-டிம் செருகியும் ஒரு முழுநீள எம்.2 செருகியும் உள்ள சாதாரண மடிக்கணினியைக் குறைந்த ரேமோடு வாங்கி, தானே உயர்த்திக்கொள்வதே போதுமானதாக இருக்கும். பேர்போன் என்ற பெயர் அதற்கு இல்லாவிட்டாலும் அதுவும் கட்டமைத்தல்தான். உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பவரும் உள்ளூரிலேயே கிடைப்பார்கள் என்பது அதன் கூடுதல் பலம். மதர்போர்டை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் எண்ணம் உறுதியாக இருப்பவர்களுக்கே ஃபிரேம்வொர்க் போன்றவற்றின் கூடுதல் விலை ஈடாகும்.

‘பிறகு கூட்டலாம்’ என்பதற்கு அண்மையில் ஒரு விலை முளைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான், அந்த வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே ரேமோடு கூடிய விலையையும், ரேம் இல்லாத உடலோடு தனியே வாங்கும் ரேமின் விலையையும் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

## வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

இந்திய அரசு 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது; பின்னர் அது இறக்குமதி மேலாண்மை முறையாக மாற்றப்பட்டது. இணைய வணிகத் தளத்தில் வாங்கி அஞ்சல், கூரியர் வழியே வரவழைக்கும் ஒரு கணினிக்கு அந்த அறிவிப்பிலேயே விலக்கு இருந்தது; ஆனால் வரி கட்ட வேண்டும். கணினி வந்து சேர்வதைவிட, பின்னாளில் மாற்றுப் பேட்டரி வரவழைப்பதே கடினம். தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் உலகளவில் தடை இருப்பதால், பல விற்பனையாளர்கள் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்வருவதில்லை. உங்கள் நாட்டுக்குப் பேட்டரியை அனுப்புவார்களா என்று கேட்டு அறிந்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

## பூட்டும்போது

வேலை அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்காது. பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்; உலோகப் பொருளைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி.யையும் ரேமையும் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் செருகிவிட்டுப் பின் தாழ்த்த வேண்டும். எஸ்.எஸ்.டி. ஒரு திருகில் நிற்கும். ரேம் இருபுறக் கவ்விகளிலும் ‘க்ளிக்’ என்று அமர வேண்டும். தங்கப் பற்கள் பெரிதும் வெளியே தெரிந்தால் முழுமையாக உள்ளே போகவில்லை என்று பொருள்.

டி.டி.ஆர்.5 நினைவகம் பொருத்தி முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, செயலி அந்த ரேமுக்கு உகந்த நேர இடைவெளிகளைத் தானே அளந்து பதிவு செய்துகொள்கிறது. அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். கணினி பழுதென்று எண்ணி அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால், அளவிடுதல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சார்ஜரை இணைத்து, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.